வீட்டுச் சைக்கிளில் ராத்தங்கல் பயணம்

டிசம்பர் 29

பின்கட்டில் சாத்திக் கிடந்த சைக்கிளை இன்றைக்கு முற்றத்துக்குக் கொண்டுவந்து கழுவினேன். அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா சைக்கிள். அவள் கல்லூரி சேர்ந்து ஸ்கூட்டி ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து யாரும் தொடவில்லை. டயர் இரண்டும் வெடித்துப் போயிருக்கின்றன. ஆனால் பிரேம் கெட்டி. பற்றவைத்த இடங்களை எல்லாம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், துரு மேலோடு நின்றிருக்கிறது. "அத்தை, இதுலயா பாபநாசம் போகப் போறிய?" என்று கேட்டாள். இதில்தான், திருநெல்வேலியிலிருந்து மலையடிவாரத்துப் பாபநாசம் வரைக்கும்.

சாமான்களைச் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு கிளம்பி, இருட்டுகிற ஊரில் தங்கி, மறுநாள் மேற்கொண்டு மிதிக்கிற பைக்பேக்கிங் ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. விலைதான் தடுத்துக்கொண்டிருந்தது. ஹேண்டில்பாருக்கு ஒரு பை, பிரேமுக்கு நடுவில் ஒரு பை, சீட்டுக்குப் பின்னால் ஒரு பை. நல்ல கம்பெனியில் இந்த மூன்றையும் வாங்குகிற காசில் ஒரு சாதாரணச் சைக்கிளே வாங்கிவிடலாம்.

இந்தச் சாமான்கள் எந்த ஊருக்காகச் செய்யப்பட்டவை என்று படித்த பிறகு எனக்குத் தெளிவு வந்தது. 1987-இல் அலாஸ்காவின் பனியில் சைக்கிள் ஓட்டுகிற இடிடாபைக் பந்தயம் தொடங்கியது. 1997-இல் அமெரிக்காவில் ராக்கி மலைத்தொடரை ஒட்டி, கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் நீளப் பாதைக்கு வரைபடம் வந்தது. அந்த மாதிரித் தடங்களில் கேரியர் ஆடி ஆடி போல்ட்டு கழன்றுவிடும், அதனால் கேரியரே இல்லாமல் பையைச் சைக்கிளோடு இறுக்கினார்கள். வழியில் நாள்கணக்கில் கடை கிடையாது, அதனால் அடுப்பும் கூடாரமும் சுமந்தார்கள். தாமிரபரணிக் கரையில் நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. நமக்கு இடைஞ்சல் செய்வது வெயில், கொசு, முள். இவற்றுக்குத் தேவையானதற்கு மட்டும் காசு செலவழிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

ஜனவரி 2

சமாதானபுரம் பக்கம் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் வண்டியை விட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "லோடு வச்சு ஓட்டப் போறியளா? அப்பம் பின்சக்கரத்துக் கம்பியைத்தான் முதல்ல பாக்கணும்" என்றார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கம்பி கம்பியாக விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். இறுகின கம்பி ணங் என்றது, தளர்ந்தது சத்தமே இல்லாமல் அதிர்ந்தது. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரமும் பக்கத்துக் கம்பி மேல் விழும், பிறகு அது அறுந்து போகும், ரிம் கோட்டமாகும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்தார். கோடு விழுந்த இடம்தான் கோட்டம். அந்த இடத்தில் மட்டும் சாவி போட்டு அரைச் சுற்று, கால் சுற்று. மேலும் மேலும் சுற்றவிட்டு, கோடு விழாமல் ஆகும் வரைக்கும் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே கை துறுதுறுத்தது. அடுத்த தடவை நான் முறுக்கிப் பார்க்க வேண்டும்.

கியர் இல்லாத சைக்கிள் என்று யாரும் தயங்க வேண்டாம். பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரம், ஃப்ரீவீல், 18 பல்லாக இருந்தது, 20 பல் மாட்டச் சொன்னேன். ஒரு மிதிக்கு ஓடுகிற தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் மேட்டில் முட்டிக்கு அத்தனை சுகம். செயினுக்கு ஒரு கண்ணி கூட்டும்படி ஆனது.

செலவை எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். ஓவராயில் (வண்டியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டுவது) 500, டயர் இரண்டு 900, டியூப் கைவசம் ஒன்றையும் சேர்த்து மூன்று 450, பிரேக் கட்டை 80, அகலமான சீட் 350, கைப்பம்பு 250, பஞ்சர் சாமான் 70, ஃப்ரீவீல் 150. ஆக 2,750 ரூபாய். ஊர் ஊருக்கு இது முன்னே பின்னே இருக்கும். எல்லாமே உருள்கிற பாகத்துக்கும் உட்காருகிற இடத்துக்கும்தான். இந்த இரண்டில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

சீட்டின் உயரத்தை அங்கேயே சரிபார்த்துக்கொண்டேன். மிதி கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கியிருக்கும். நம்மூரில் பாதிப்பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 5

இன்று முழுக்கத் தையல் மெஷின். சித்தி மகன் கல்யாணத்துக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரை அவர்கள் வீட்டில் விறகுக்கு மேல் போர்த்தியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்து கழுவி, கேரியரின் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி இரட்டைப் பை தைத்தேன். பெண்கள் சைக்கிளில் மேல்கம்பி கிடையாது, அதனால் நடுவில் பை மாட்ட இடமில்லை. என்னோடு வரப்போகிற மதினியின் சைக்கிளும் அதே வகைதான், அவர்களுக்கும் ஒன்று தைத்தாயிற்று.

ஃபிளெக்ஸுக்கு 18-ஆம் நம்பர் ஊசி, நீளத் தையல். தையல் நெருக்கமாக விழுந்தால் துளைகள் வரிசையாகச் சேர்ந்து அந்தக் கோட்டோடு கிழிந்துவிடும். விளிம்பை இரண்டு மடிப்பாக மடித்து ஓட்டினேன். ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். அதை அடைக்கப் பார்ப்பதைவிட, உள்ளே கெட்டிப் பாலிதீன் பை போட்டு வாயைச் சுருட்டிக் கட்டுவது மேல். பை கம்பிக்குள் போகாமலிருக்க உள்பக்கம் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையைச் செருகினேன். மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இடித்தால் பையைப் பின்னால் தள்ளிக் கட்டணும்.

கட்டுவதற்குப் பழைய டியூபைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வைத்திருக்கிறேன். அண்ணாச்சி சும்மாவே கொடுத்தார். கயிறு குலுங்கக் குலுங்கத் தளரும், டியூப் கீற்று இழுத்துப் பிடித்தபடியே இருக்கும்.

கனமான சாமான் பைகளின் அடியில், இரு பக்கமும் ஒரே எடையாக. முன்கூடையில் துண்டு, வாழைப்பழம் மாதிரி இலேசானவை மட்டும். கூடையில் பாரம் ஏறினால் ஹேண்டில் கையில் நிற்காது.

ஜனவரி 12

முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொண்டு கூந்தன்குளம் போய் வந்தோம். ராத்தங்கப் போவதில்லை, இருந்தாலும் பாரத்தோடு ஓட்டிப் பழக வேண்டும் என்று மதினியை இழுத்துப் போனேன். மூலைக்கரைப்பட்டி வழி. மருதநிலப் பச்சை மெல்ல மறைந்து செம்மண்ணும் பனையும் உடைமரமும் வருகிற அந்தச் சாலை எனக்கு உயிர்.

குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள், கூழைக்கடாக்கள். பட்டைத்தலை வாத்துகள் தண்ணீரின் அந்தக் கோடியில் கூட்டமாக நின்றன. இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. ஊர்க்காரர்கள் வீட்டு வேப்பமரத்தில் கூடு கட்டுகிற நாரைகளை விரட்டுவதில்லை, தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சைக்கிளில் போனால் சத்தமே இல்லாமல் பக்கத்தில் போய் நிற்கலாம்.

திரும்பும்போது மதினி வண்டியில் முன்சக்கரத்துக் காற்று இறங்கிவிட்டது. உடைமுள். டயருக்கு வெளியே வெள்ளையாக ஒரு புள்ளிதான் தெரிந்தது, பாதி முள் உள்ளே ஒடிந்து நின்றது. டயரில் பெயர் அச்சடித்திருக்கும் இடம் எப்போதும் வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டியிருந்தேன். டியூபில் ஓட்டை எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தால், வால்வைக் கணக்கு வைத்து டயரில் முள் எங்கே என்று உடனே தெரியும். டியூபைக் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்து சுற்றினேன், காற்று சில்லென்று பட்டது. உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விட்டேன். இதில்தான் பொறுமை வேண்டும், ஈரத்தில் ஒட்டினால் பத்தாவது நிமிடம் பிரியும். அதற்குள் ஒரு துணியை டயரின் உள்பக்கம் ஓட்டிப் பார்த்தேன். துணி சிக்கிய இடத்தில் முள்ளின் முனை. குறட்டால் பிடுங்கினேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "பொம்பளையளே ஒட்டிக்கிடுதிய, நல்லது தாயி" என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை நின்று பார்த்தார்.

ஜனவரி 14

பொங்கல். சைக்கிளுக்கும் குங்குமம் வைத்தாயிற்று.

ஜனவரி 20

தங்குகிற இடம் முடிவானது. கல்லிடைக்குறிச்சியில் மதினியின் பெரியம்மா வீடு. போனில் கேட்டதும், "வாங்க, திண்ணையில பாய் போட்டு வைக்கேன்" என்றார்களாம். பெண்கள் இரண்டு பேர் புது இடத்தில் கூடாரம் போடுவதைவிட, ஒரு ராத்திரிக்குச் சொந்தக்காரர் வீடு என்று திட்டமிடுவது நல்லது. தங்குவதற்குச் செலவில்லை, குளிக்கலாம், சைக்கிளை உள்ளே ஏற்றலாம். பாபநாசத்துக்கு மேலே எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கே நினைத்த இடத்தில் இறங்கிப் படுக்கிற பேச்சே கிடையாது.

ஜனவரி 25, கல்லிடைக்குறிச்சி

ஐந்து மணிக்கு விளக்குப் போட்டுக் கிளம்பினோம். மேலப்பாளையம் தாண்டி முன்னீர்பள்ளம் வரும்போது கிழக்கு வெளுத்தது. கோபாலசமுத்திரத்தில் டீ. பத்தமடையில் கோரைக்கட்டு ஏற்றிய ஒரு டிவிஎஸ் எங்களைத் தாண்டிப் போனது. நானும் ஒரு பத்தமடைப் பாயைத்தான் சுருட்டிக் கேரியரில் கட்டியிருந்தேன். சூட்டு ஊருக்கு அதைவிடப் படுக்கை எது? ஈரம் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளணும்.

சேரன்மகாதேவியிலிருந்து மெயின் ரோட்டை விட்டுக் கன்னடியன் கால்வாய்க் கரைக்கு இறங்கினோம். பாரவண்டி ஏறி இறுகின மண்தடம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், குலுக்கல் பாதியாகிவிட்டது. இரு பக்கமும் பிசானப் பருவ நெல் கதிர் தள்ளி நிற்கிறது. பஸ் ஹாரன் இல்லை. மதினி எனக்கு முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள், வீட்டில் அவர்கள் பாடி நான் கேட்டதே கிடையாது. கரை குறுகின இடத்தில் ரோட்டுக்கு ஏறி, காருகுறிச்சி, வீரவநல்லூர் வழியாகப் பத்து மணிக்கெல்லாம் வீடு சேர்ந்துவிட்டோம். ஏறக்குறைய 35 கிலோமீட்டர்.

பத்து மணிக்கு மேல் உச்சி வெயில் சாயும்வரை ஓட்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கண்டிப்பு. தை மாசம்தானே என்று நினைக்கலாம், தார்ரோட்டில் உச்சி வெயில் உச்சி வெயில்தான். மணிக்கு அரை லிட்டர் தண்ணீராவது போக வேண்டும், வெறும் தண்ணீராக மட்டும் இல்லாமல் உப்புப் போட்ட எலுமிச்சையோ மோரோ. பையில் கருப்பட்டித் துண்டும் பொரிகடலையும். பெரியம்மா சொதி வைத்து, அப்பளமும் பொரித்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜனவரி 26

பைகளைப் பெரியம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வெறும் வண்டியில் பாபநாசம். ஆற்றைத் தாண்டி, அம்பை என்கிற அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொடி குத்திக்கொண்டு போனார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏறிக்கொண்டே போகிற ரோடு அது, 20 பல் ஃப்ரீவீல் தன் காசுக்கு இங்கே வேலை செய்தது. கோயில் படித்துறையில் குளித்தோம். தாமிரபரணித் தண்ணீர் அங்கே பல்லைக் கூச வைக்கும். வனத்துறைச் சாவடிப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டோம்.

இரண்டரைக்குக் கல்லிடையில் கிளம்பினால் எதிர்க்காற்று. இந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், மேற்கே போகும்போது தள்ளிவிடும், ஊர் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஒருவர் பின்னால் ஒருவராக முறை மாற்றி ஓட்டினோம். பின்னால் வருகிறவருக்கு நன்றாகவே இலேசாக இருக்கிறது. வீடு சேரும்போது விளக்கு வைத்தாயிற்று.

ஜனவரி 28

வழிச்செலவு இரண்டு பேருக்குமாக 180 ரூபாய், அதிலும் பாதி டீயும் வடையும். பிரிக்காமலே திரும்பி வந்தவை: இரண்டாவது சுடிதார், போர்வை, பெரிய டார்ச். அடுத்த தடவை அவை கிடையாது. போர்வைக்குப் பதில் பழைய பருத்திச் சேலை ஒன்று போதும், மடித்தால் கையளவுதான். கொசுவலை கட்டாயம் வேண்டும், திண்ணையிலேயே தேவைப்பட்டது.

பின்சக்கரக் கம்பிகளைச் சுண்டிப் பார்த்தேன். இரண்டு தளர்ந்திருக்கின்றன, நாளை அண்ணாச்சியிடம் போய் நானே சாவி பிடித்து முறுக்கப் போகிறேன். அடுத்தது களக்காடு வழியாகத் திருக்குறுங்குடி. ஆனி பிறந்தால் மேல்காற்று ஆளையே தள்ளும், பங்குனி, சித்திரை வெயில் தாங்காது. அதனால் மாசிக்குள் போய் வந்துவிட வேண்டும். மதினி தன் ஆபீசில் இன்றைக்கே லீவு கேட்டுவிட்டார்களாம்.