நடுவர்கள் ஒருபக்கம், ஆடு ஒருபக்கம்

கொழும்பில் எந்தக் கடைக்குப் போனாலும் மலையகம் ஒரே முகத்தோடுதான் தொங்கும்: பச்சைச் சரிவு, முதுகில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. தேயிலைப் பெட்டியிலும் அதே அம்மா, ஹோட்டல் வரவேற்பறையிலும் அதே அம்மா. ஹட்டன் பக்கம் ஒரு சமூகக் கலை நிலையம் வருடந்தோறும் கண்காட்சி நடத்துகிறது, தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம் அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். தங்களைத் தாங்களே வரைந்தால் அந்த அம்மா எப்படி இருப்பார் என்று பார்க்கும் ஆசை.

அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று ஏறும் பாதை. கினிகத்தேனை தாண்டக் காது அடைத்தது, வட்டவளையில் மூட்டம் இறங்கியது. இந்த வழியின் அழகைப் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

நிலையம் இருப்பது ஒரு பழைய தேயிலை ஸ்டோரில். தகரக் கூரை, நடந்தால் முனகும் பலகைத் தரை. இந்த ஈரத்தில் கடதாசி சும்மா கிடக்காது. சட்டம் போட்டு மாட்டிய நீர்வர்ணப் படங்கள் கண்ணாடிக்குள்ளேயே நெளிந்திருந்தன. பிள்ளைகள் இரவெல்லாம் மஞ்சள் பல்புகளை எரியவிட்டுக் காயவைத்தார்களாம்.

திறப்பு விழாவில் பிரமுகர் உரைகள் இருந்தன. அவை உரைகளைப் போலவே இருந்தன. ஆனால் விளக்கேற்ற அவர்களை அழைக்கவில்லை, கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியை அழைத்தார்கள். பிறகு தப்பு மேளம். மாசி மாதக் காமன் கூத்துக்குத் தோட்டங்களில் அடிக்கும் தப்பைத் தகரக் கூரைக்குக் கீழே அடித்தால் எப்படியிருக்கும் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே மழை, உள்ளே தப்பு, யார் அறிவிப்பாளர் என்றே எனக்குக் கடைசிவரை புரியவில்லை. தேத்தண்ணியும், கோதுமை ரொட்டியும், கண்ணில் நீர் வரவைக்கும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள்.

தெரிவு முறை எனக்குப் பிடித்தது. அனுப்புபவர் பெயர், தோட்டம், பாடசாலை எதுவும் நடுவர்களுக்குத் தெரியாது. படத்தின் முதுகில் ஒரு இலக்கம் மட்டும். மூன்று நடுவர்கள்: ஒரு விரிவுரையாளர், மெழுகும் சாயமும் கொண்டு துணியில் வரையும் ஒரு 'பத்திக்' கலைஞர், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர். தெரிவாகாதவற்றைத் திருப்பி அனுப்பாமல் பக்கத்து அறையில் மாட்டியிருந்தார்கள். 1863இல் பாரிஸில் நிராகரிக்கப்பட்டவர்களுக்குத் தனி மண்டபம் திறந்தது நினைவுக்கு வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், நம் கொழும்பிலேயே புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டும் கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் 1943இல் '43 குழு'வில் கூடியது, இலங்கைக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி ரசனைக்கு வெளியே நிற்கத்தானே.

உள்ளே நான் நீண்ட நேரம் நின்றது ஒரு படங்கின் முன்னால். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அது. அதன் மேல் சிவப்பு நூலில் ஒரு குடும்பத்தின் வம்சம். தோட்டத் தமிழரை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போனவர்களின் நூல்கள் படங்கின் ஓரத்தில் நிற்காமல் சுவரில் இறங்கி, ஆணியடித்து, கூடலூர், கோத்தகிரி என்று எழுதிய சின்னச் சீட்டுகளில் முடிந்தன. இங்கேயே நின்றவர்களின் நூலில் 1948, 2003 என்று இரண்டு முடிச்சு. குடியுரிமை போனதும் மிச்சமிருந்தவர்களுக்கு வந்ததும். விளக்கக் குறிப்பு எதுவும் ஒட்டவில்லை. எங்கள் கொழும்புப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் சரி என்றும் தோன்றுகிறது.

இன்னொன்று முழுக்கத் தேயிலைச் சாயம். லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அடுப்படி, கரி பிடித்த சுவர், கேத்தல். பழுப்பு சரி, இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று வரைந்த பெண்ணிடம் கேட்டேன்.

"துருப்பிடிச்ச ஆணிய ஊறப்போட்ட தண்ணிங்க அக்கா. சாயத்துல ஊத்துனா கறுத்துரும்."

தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. பழங்காலத்தில் கடுக்காயை வைத்து மை காய்ச்சியதும் இதே வித்தைதான். படத்தின் மூலையில் பென்சிலில் 'அரைப்பேர்' என்று இருந்தது. சொன்ன கிலோவுக்குக் கொழுந்து வராத நாளில் பாதிச் சம்பளம்தான், அதற்குப் பெயர் அது.

"தலைப்பாம்மா?"

"இல்லைங்க. அன்னைக்கு அம்மாவுக்கு அரைப்பேர்தான் விழுந்துச்சு. அதான் எழுதி வச்சேன்."

முதல் பரிசு இவை இரண்டுக்குமே கிடைக்கவில்லை. மூட்டத்துக்குள் கரையும் ஒரு பெரிய தைலவண்ணத் தேயிலைமலைக்குப் போனது. கை தேர்ந்த வேலை, மறுக்கவில்லை. நாளைக்கே ஒரு ஹோட்டல் சுவரில் ஏறும், அதுதான் என் மனக்குறை. மாலை நடுவர்களோடு கலந்துரையாடல் இருந்தது, கேட்டேவிட்டேன். "இரண்டுக்கு ஒன்று, தங்கச்சி. அந்த ஒன்று நான்" என்றார் சித்திர ஆசிரியர். தன் ஓட்டைப் படங்குக்குப் போட்டாராம். விரிவுரையாளர் கோபப்படாமல் பதில் சொன்னார்: கருப்பொருளுக்காகப் பரிசு கொடுக்கத் தொடங்கினால் அடுத்த வருடம் எல்லோரும் படங்குதான் அனுப்புவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நான் இன்னும் படங்கின் பக்கம்.

பார்வையாளர்களும் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பெட்டியில் போடலாம். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டிக் கூட்டமாக வந்தார்கள். மலைப்படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அதை அவர்கள் தினமும் ஏறுகிறார்கள். நேரே பக்கத்து அறைக்குப் போய், தெரிவாகாத படங்களில் லயத்து வாசலில் கட்டிய ஒரு வெள்ளாட்டின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

"இது மேல் லயத்து ஆடுடி."

"அதுக்குக் கொம்பு வளைஞ்சிருக்கும். இது சினை ஆடு, வயித்தப் பாரு."

"கயிறு குட்டையாக் கட்டியிருக்கான் பாவி, எப்படி மேயும்?"

வரைந்த பையன் கொஞ்சம் தள்ளி நின்று காதுவரை சிவந்துகொண்டிருந்தான். தெரிவாகாத படத்துக்கு ஓட்டுப் போடலாமா என்று ஒரு அக்கா கேட்டார். ஏற்பாட்டாளர்கள் இதை யோசித்திருக்கவில்லை. ஓரமாகப் போய்க் குசுகுசுத்துவிட்டு வந்து, போடலாம் என்றார்கள். இரவு எட்டு மணிக்கு எண்ணி முடித்தபோது மக்கள் தெரிவு ஆட்டுக்குத்தான், கிட்டக்கூட யாரும் இல்லை.