யூஃபோனியத்துக்கு பாஸ் கிளெஃப் படிக்கக் கற்றது

பிராஸ் பேண்டில் (பித்தளைக் காற்றுக் கருவிகளின் குழு) ட்ரெபிள் கிளெஃபில் (கிளெஃப் என்பது தாளின் ஐந்து கோடுகளில் எது எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி) வாசித்துப் பழகிவிட்டு, மரக்குழல் கருவிகளும் சேர்ந்த விண்ட் பேண்டுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாழ்ந்த ஒலி தரும் வால்வ் வைத்த பித்தளைக் கருவியான யூஃபோனியத்துக்குப் பெரும்பாலும் ட்ரெபிள், பாஸ் என்று இரண்டு கிளெஃபிலும் தாள் அச்சடித்துத் தருவார்கள். அந்த நம்பிக்கையில்தான் போனேன். என் கைக்கு வந்த கோப்பில் ட்ரெபிள் தாள் இல்லை. தாள்களைப் பொறுப்பாக வைத்திருந்தவரிடம் கேட்டேன். "பாஸ் கிளெஃப்தான் இருக்கு, ஒரு வாரத்துல பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு வாரத்தில் பழகாது.

கோடுகளின் பெயரைப் படிப்பது எளிதுதான். கீழிருந்து ஜி, பி, டி, எஃப், ஏ. இடைவெளிகள் ஏ, சி, இ, ஜி. கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடுவது எஃப் கோடு.

படுத்துவது விரல். பிராஸ் பேண்டின் ட்ரெபிள் தாள் பி ஃபிளாட்டுக்கு (பி-யைவிட அரை ஸ்வரம் தாழ்ந்தது) மாற்றி எழுதியது. அதில் சி என்று இருந்தால் ஒலிப்பது பி ஃபிளாட், அதுவும் ஒரு ஆக்டேவ் தள்ளிக் கீழே. பாஸ் கிளெஃபில் எழுதியிருப்பதுதான் ஒலிக்கும். எனவே எஃப் என்றதும் முதல் வால்வை அழுத்திப் பழகிய கை, இனி எஃபுக்கு எதையும் அழுத்தக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் இதே கதை.

இந்த நிலையில் எல்லோரும் ஒரு யோசனை சொல்வார்கள்: "ட்ரெபிள் மாதிரியே பாரு, இரண்டு எழுத்து தள்ளிப் படி." அப்படிச் செய்தால் பெயர் சரியாகத்தான் வரும். ஆனால் அந்தப் பெயர் பழைய விரலைக் கூப்பிடும், அதை மறுபடியும் ஒரு ஸ்வரம் மேலே மாற்ற வேண்டும். மார்ச் வேகத்தில் மனதுக்குள் இரண்டு கணக்குப் போட யாராலும் முடியாது. என் பொன்னான பயிற்சி நேரத்தைத் தின்ற யோசனை இதுதான், தயவுசெய்து கேட்காதீர்கள்.

பெயரை நடுவில் விடாமல், தாளில் நோட் நிற்கும் இடத்தை நேராக விரலோடும் உதட்டோடும் சேர்த்துவிடுங்கள். வால்வே அழுத்தாத நோட்களை முதலில் பிடியுங்கள்: இரண்டாவது கோட்டில் பி ஃபிளாட், நாலாவது கோட்டில் எஃப், ஐந்தாவது கோட்டுக்கு மேலே ஒட்டி நிற்கும் பி ஃபிளாட், ஐந்து கோடுகளுக்கு மேலே சேர்க்கும் முதல் துணைக் கோட்டுக்கு (லெட்ஜர் கோடு) மேலே டி. இந்த நாலும் கண்ணில் பதிந்தால் மற்றவை இவற்றிலிருந்து ஓர் அடி, இரண்டு அடிதான். அப்புறம் பி ஃபிளாட் மேஜர் ஸ்கேலைத் தாளைப் பார்த்தே வாசியுங்கள். பார்க்காமல் வாசித்தால் காது ஓட்டிவிடும், கண் எதையும் கற்காது.

எனக்குக் கிடைத்த தாளில் முன்பு வாசித்தவர் பென்சிலால் விரல் எண்கள் எழுதி வைத்திருந்தார். உதவி என்று நினைத்தால் அது உபத்திரவம். அவருடையது நாலு வால்வ் கருவி. தாழ்ந்த சிக்கு 4, தாழ்ந்த பி நேச்சுரலுக்கு (ஃபிளாட்டோ ஷார்ப்போ இல்லாத பி) 2-4 என்று போட்டிருந்தார். என் மூன்று வால்வ் கருவியில் அவை 1-3, 1-2-3. ரப்பர் எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். சரியான எண்களாக இருந்தாலும் அழிப்பதே நல்லது, எண் இருந்தால் கண் நோட்டைப் பார்க்காது.

பயிற்சிப் புத்தகம் வாங்கும்போதும் கவனம். பாஸ் கிளெஃப் என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே டிராம்போனுக்கான ஸ்லைடு எண்கள் இருக்கும். 1 முதல் 7 வரை எண் கண்டால் அது வால்வ் கருவிக்கானது அல்ல.

இன்னொரு பொறி ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றுவது), ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்குவது) குறிகள். அதே பாட்டு பாஸ் தாளுக்கு வரும்போது வரியின் தொடக்கத்தில் நிற்கும் குறித் தொகுப்பில் (கீ சிக்னேச்சர்) இரண்டு ஃபிளாட் கூடும், அல்லது இரண்டு ஷார்ப் குறையும். ட்ரெபிளில் எஃப் ஷார்ப் என்று பழகிய இடத்தில் இங்கே இ நேச்சுரல் நிற்கும். நேச்சுரல் குறி என்றால் இறக்கு என்று நினைக்கும் பழக்கம் வந்திருந்தால், ஃபிளாட் நிறைந்த பேண்ட் பாடல்களில் பெரும்பாலும் அது ஏற்றச் சொல்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒத்திகை ஒன்றில் எனக்குப் பெரிய சந்தோஷம் கிடைத்தது. புதிய பாடலின் நடுவில் பாஸ் கிளெஃப் மறைந்து டெனர் கிளெஃப் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திணறினார்கள். டெனர் கிளெஃபில் நடு சி நாலாவது கோட்டில் இருக்கும். நம் ட்ரெபிள் தாளிலும் அதே ஒலி, டி என்று, அதே நாலாவது கோட்டில்தான் இருக்கும். எல்லா நோட்டும் இப்படியே பொருந்தும். கீ சிக்னேச்சரை மட்டும் இரண்டு ஷார்ப் கூட்டி நினைத்துக்கொண்டு முதல் தடவையிலேயே முழுப் பகுதியையும் வாசித்து முடித்தேன்.

இ ஃபிளாட் ட்யூபாவில் ட்ரெபிள் படித்து வந்தவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. பாஸ் தாளை அப்படியே ட்ரெபிளாக நினைத்து, மூன்று ஷார்ப் கூட்டிக்கொண்டால் போதும், பாட்டின் நடுவே வரும் தனிக் குறிகளில் மட்டும் கவனம் தேவை. பி ஃபிளாட்காரர்கள் அந்த வழியை முயலவே வேண்டாம், விரல் பொருந்தாது.