மேகாத்து ஊரிலிருந்து பாய்மரப் படகுக்கு

இந்த மே மாதம் என் மகளைச் சென்னைக்குக் கூட்டிப் போய்ப் பத்து நாள் பாய்மரப் படகு வகுப்பில் சேர்த்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து கேள்விதான். காங்கயம் பக்கத்துப் பிள்ளைக்குப் படகு எதுக்குங்க, இங்க கடலா இருக்குது, நீச்சல் கிளாஸ் போதாதா, பொம்பளப் பிள்ளைய வெயில்ல போட்டு ஏன் வாட்டறீங்க. ஒவ்வொருத்தருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாறைக்குழியில், கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் தேங்கின தண்ணீரில், குளிக்கப் போனான், திரும்பவில்லை. திங்கட்கிழமை அவன் இடத்தில் யாரும் உட்காரவில்லை, வாத்தியாரும் உட்காரச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார்கள். கிணற்று மேட்டில் நின்றால் கூட ஆத்தா களத்திலிருந்து சத்தம் போடும். போதாததற்கு ஜோசியர் ஒருவர் என் ஜாதகத்தைப் பார்த்துத் தண்ணியில கண்டம் என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் எங்கப்பா கிணற்றின் மேல்படியிலிருந்து தலைகீழாகக் குதிப்பவர். அந்த மனுசனும் என்னைத் தண்ணீரில் இறக்கவில்லை.

கோடை லீவு விட்டால் கிணற்றில், வாய்க்காலில், பாறைக்குழியில் பிள்ளைகள் போன செய்தி வராத வருடம் எனக்கு நினைவில் இல்லை. ஒவ்வொரு தடவையும் பெரியவர்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுகிறார்கள். பூட்டினால் பிள்ளைகள் போகாமல் இருப்பதில்லை. சொல்லாமல் போகிறார்கள், நீச்சல் தெரியாமல் இறங்குகிறார்கள். எனக்குப் பிள்ளை பிறந்ததும் நான் எடுத்த முடிவு, இவளுக்குத் தண்ணீர் தெரிய வேண்டும். எனக்கு இருக்கிற பயம் இவளுக்கு வரக் கூடாது.

பாப்பாவுக்கு இப்போது பத்து வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால், பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு) பாசனத் தண்ணீர் வந்து கிணறு மேலேறியிருந்த சமயத்தில், எங்கப்பாவிடமே கொண்டுபோய் விட்டேன். அவர் காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டுவார்களாம், இப்போது சுரைக்குடுக்கைக்கு எங்கே போவது, காலி அஞ்சு லிட்டர் கேன்தான். முதல் நாள் படியை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள். நாலாம் நாள் அவளுக்குத் தெரியாமலே கேனில் பாதி தண்ணீர் நிரப்பிக் கட்டினார். ஏழாம் நாள் கேனே இல்லை. நான் மோட்டார் ரூம் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கிட்டப் போக மனசில் தெம்பில்லை.

அப்புறம் படகு. என் தம்பி சென்னையில் வேலையில் இருக்கிறான், அவன் பையன் போன வருடம் இந்த வகுப்புக்குப் போனான். கல்யாணம் ஒன்றுக்கு வந்திருந்தபோது அந்தப் பையன் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தைப் பாய் மாதிரி பிடித்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம், படகு எந்தப் பக்கம் என்று பாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அன்று ராத்திரியிலிருந்து இவள் நச்சரிப்பு ஆரம்பித்தது. சென்னையில் பாய்மரப் படகு புதுசு இல்லை. துறைமுகத்துக்குள் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போகும் முதல் இந்தியப் பெண் என்று பெயர் வாங்கிய நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான். அவரும் ஒரு கோடை முகாமில்தான் தொடங்கினார் என்று படித்தபோது, சரி, போகட்டும் என்று தோன்றிவிட்டது.

பிள்ளைகள் ஓட்டும் அந்தப் படகுக்கு ஆப்டிமிஸ்ட் என்று பெயர். பார்த்தால் படகு என்றே சொல்ல மாட்டீர்கள், மாட்டுத் தண்ணித் தொட்டி மாதிரி முன்பக்கம் சப்பையாக இருக்கும். கிட்டத்தட்ட ஏழே முக்கால் அடி நீளம், 35 கிலோ எடை. 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் பிள்ளைகளுக்காகவே செய்தது. எட்டடி பிளைவுட் பலகையில் யார் வேண்டுமானாலும் செலவில்லாமல் செய்துகொள்ள வேண்டும் என்று அந்த அளவில் வைத்தாராம். இப்போது பெரும்பாலும் ஃபைபரில் வருகிறது. 15 வயது வரை பிள்ளைகள் இதில் ஓட்டலாம். ஒரு படகுக்கு ஒரு பிள்ளைதான். ஒரே பாய், ஒரே கயிறு, திருப்ப ஒரு சுக்கான், நடுவில் தண்ணீருக்குள் செருகும் ஒரு பலகை. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு அந்தப் பக்கமே ஒதுங்கிப் போகாமல் பிடித்துக்கொள்வது அந்தப் பலகைதான். அப்புறம் தண்ணீர் மொள்ள அடி வெட்டிய ஒரு பிளாஸ்டிக் கேன், நூல் போட்டுப் படகில் கட்டியிருக்கும். பாப்பா அதைப் பார்த்ததும், அம்மா, அப்புச்சி கேன் என்றாள். அப்புச்சி என்றால் அவளுக்கு எங்கப்பா.

முதல் நாள் ஓட்டவே விடவில்லை. படகைக் கவிழ்க்கச் சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையோரமாக, ஒவ்வொரு பிள்ளையாக வேண்டுமென்றே படகைச் சாய்த்துத் தண்ணீரில் விழ வேண்டும். அப்புறம் நீந்திச் சுற்றி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பலகை மேல் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்து முழு உடம்பையும் பின்னால் சாய்த்தால் படகு மெதுவாக நிமிர்கிறது. உள்ளே காற்றுப் பைகள் கட்டியிருப்பதால் முழுகாது. ஏறி உட்கார்ந்து கேனால் மொண்டு ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் விழுந்து எழுந்து விழுந்து எழுந்து, கடைசியில் போதும் என்றாலும் கேட்கவில்லை. பாறைக்குழியில் போன அந்தப் பையன் முகம் எனக்கு அன்று முழுக்க வந்துகொண்டே இருந்தது. விழுந்தால் என்ன செய்வது என்று முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாம் நாளிலிருந்து இரண்டு மிதவைகளுக்கு நடுவில் போய்ப் போய் வருவது. காற்று பக்கவாட்டில் படும்படி போவதுதான் இருப்பதிலேயே சுலபம், அதைத்தான் முதலில் பழக்குகிறார்கள். பாயைத் தளர்த்து, படபடவென்று அடிக்கிற வரை விடு, அப்புறம் அந்தப் படபடப்பு நிற்கிற வரை மட்டும் இழு, அதற்கு மேல் இழுக்காதே. இது ஒன்றைத்தான் மாஸ்டர் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் திரும்பும்போது தலையைக் குனியாமல் விட்டதில் பாயின் அடிக் கட்டை மண்டையில் பட்டு நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியது. அதற்கப்புறம் ஒரு தடவை கூட அவள் குனிய மறக்கவில்லை.

நாலாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் மே மாதத்தில் காலையில் தரைப்பக்கமிருந்து காற்று வரும், வெயில் ஏற ஏற அது அடங்கும், உச்சி வெயில் வாக்கில் கடல் காற்று பிடித்துக்கொள்ளும். அன்று பிள்ளைகள் கரைக்குத் திரும்பும் முன்னாலேயே கடல் காற்று வந்துவிட்டது. தண்ணீர் மேல் கருப்பாக ஒரு வரி நகர்ந்து வருவது எனக்கே தெரிந்தது. பாப்பா படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தது. நான் கரையில் எழுந்து நின்று, புடிச்சுக்க கண்ணு, புடிச்சுக்க என்று கத்தினேன். என் குரல் பத்தடி கூடப் போயிருக்காது. மாஸ்டரின் மோட்டார் படகு வேறு ஒரு பிள்ளையிடம் இருந்தது.

அவள் பிடிக்கவில்லை. கயிற்றை விட்டாள். கையை அப்படியே விரித்து விட்டாள், எனக்குத் தெரிந்தது. பாய் காற்றோடு போய்ப் படபடத்தது, படகு நிமிர்ந்து, காற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பி, அப்படியே நின்றுவிட்டது. அவள் குனிந்து கேனை எடுத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். பதினைந்து இருபது தடவை இருக்கும். அப்புறம் ஜாக்கெட்டைச் சரி பண்ணிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கயிற்றைத் தேடி எடுத்து, மெதுவாக இழுத்து, கரைக்கு வந்தாள். பயமா இருந்ததா என்று கேட்டேன். இருந்துச்சு, பயமா இருந்தா கயித்த விட்டுரணும்னு மாஸ்டர் சொன்னார், விட்டுட்டேன் என்றாள். முப்பத்தெட்டு வயதில் நான் கரையில் நின்று நேர் எதிராகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்புச்சிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"காத்துக்கு எதுக்க நேராப் போவ முடியாது அப்புச்சி. எவ்வளவு இழுத்தாலும் படகு நின்னுக்கும்."

"அப்ப எப்பிடிச் சாமி திரும்பி வருவ?"

"இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், கோணலாப் போயிப் போயித்தான் வரணும்."

"அட, ஏத்தத்துல சைக்கிள் மிதிக்கிற மாதிரிங்கறே. ஆடி மாசத்துல மேகாத்துல நாங்க அப்படித்தான் பள்ளிக்கொடம் போனது."

எங்கப்பா கடலைக் கண்ணால் பார்த்தது ராமேஸ்வரத்தில் ஒரே ஒரு தடவை. ஆனால் அவள் சொல்லச் சொல்ல அவருக்கு எல்லாம் புரிந்தது. ஏன் புரியாது? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்றில், நாங்கள் மேகாத்து என்கிறோமே அதில், பிறந்து வளர்ந்தவர். மலை வரிசையில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறது, தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்துதான் நம்ம பக்கம் வருகிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தானே. களத்தில் கொள்ளு தூற்ற முறத்தைத் தூக்கும் முன்னால் ஒரு பிடி மண்ணை எடுத்து விட்டுப் பார்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்குக் குறுக்காக நிற்பார். குறுக்காக நின்றால்தான் பதர் பக்கவாட்டில் போகும், மணி காலடியில் விழும். மாஸ்டர் முதலில் பழக்கியதும் காற்றுக்குக் குறுக்கே போவதைத்தான். ஊருக்கு வந்த பிறகு பாப்பா வகுப்பில் பழகிய முடிச்சு ஒன்றைப் போட்டுக் காட்டினாள், எவ்வளவு இழுத்தாலும் இறுகாத வளையம். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கன்னுக்குட்டிக் கழுத்துக்குப் போடறதுதான் இது என்று இரண்டு விநாடியில் அதே மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

கடல் இல்லாத ஊர் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பாய்மரப் படகில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் மத்தியப் பிரதேசத்துப் பிள்ளை, தேவாஸ் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பம், அப்போது பதினேழு வயது. அந்த மாநிலத்தில் எந்தப் பக்கம் போனாலும் கடல் கிடையாது. அவர் கற்றுக்கொண்டது போபால் பெரிய ஏரியில். ராஜா போஜ் கரை கட்டித் தேக்கியதாகச் சொல்வார்களே, அதே ஏரி. ஹைதராபாத்தில் உசேன் சாகர் ஏரியிலும் தேசிய அளவில் போட்டி நடத்துகிறார்கள். ஏரி போதும். நம்மிடம் பவானிசாகர் இருக்கிறது, ஆழியாறு இருக்கிறது, திருமூர்த்தி அணை இருக்கிறது, கோயமுத்தூர்க் குளங்கள் இருக்கின்றன. எல்லா இடமும் தோதுப்படாது, அமராவதியில் முதலை இருக்கிறது, சில இடம் குடிதண்ணீர், சில இடத்தில் கோடையில் தண்ணீரே இருக்காது. அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஆராய்ந்து பார்த்து ஒரே ஒரு இடம், பத்துப் படகு, பழக்கத் தெரிந்த இரண்டு பேர், ஒரு மோட்டார் படகு, இவ்வளவு இருந்தால் நம்ம பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டும் கற்றுக்கொள்கிற சங்கதியாகவும் இருக்காது. மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்தான் லீவு நாளில் கேட்பாரில்லாமல் பாறைக்குழிக்குப் போகிறார்கள், அவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து பேசுகிறேன்.

நான் வருகிற லீவுக்கு அதே கிணற்றில் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கப் போகிறேன். எங்கப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பெரிய கேனாப் பாக்கணும் என்று மட்டும் சொன்னார்.

படகில் காற்று பார்க்க ஒரு சின்ன உல்லன் நூல் கட்டியிருப்பார்கள். பாப்பா வந்ததும் வராததுமாக என் பழைய சிவப்பு ஸ்வெட்டரிலிருந்து ஒரு முழம் நூலை உருவி, மோட்டார் ரூம் மேல் ஒரு குச்சியை நட்டுக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் திறக்க நாங்கள் இருக்கிற திருப்பூருக்கு வந்தாள். போன வாரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மக்காச்சோளத்துக்கு மருந்து அடிக்கும் முன்னால் எங்கப்பா டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் மண்ணை எடுக்கக் குனிந்தார், பாதியில் நிமிர்ந்து மோட்டார் ரூம் மேலே பார்த்தார். நூல் கிழக்கே பார்த்து நேராக நின்றிருந்தது. மேகாத்து எடுத்துருச்சு, நாளைக்கு விடியால பாத்துக்கலாம் என்று டேங்கை இறக்கி வைத்துவிட்டார்.