எதைக் கேட்டு நடக்கிறோம்: ஜூன் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025

பாங்காக் பிரைட் ஊர்வலப் படங்கள் மாலையிலிருந்து வந்து குவிகின்றன. தன்பாலீர்ப்பாளரும் திருநரும் உரிமை கேட்டு, பெரும்பாலும் ஜூனில், நடக்கும் ஊர்வலம் அது. தாய்லாந்தில் ஒருபாலினத் திருமணத்தை ஏற்கும் திருமணச் சமத்துவச் சட்டம் ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் வரும் முதல் ஜூன் இது. "கேட்டது கிடைத்த ஊர், ஆடட்டும்" என்றாள் என் துணைவி. ஆடட்டும். எனக்கும் மனம் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் எந்த ஊர்ப் படத்தைப் பார்த்தாலும் பின்னால் தெரியும் நிறுவனப் பெயர்களில்தான் என் கண் போய் நிற்கிறது.

ஜூன் 3

அவளுடைய அறுவை சிகிச்சைக்குத் தேதி சொல்லிவிட்டார்கள். 26, வியாழன். எங்கள் ஊர் பிரைட் பேரணி 29.

ஜூன் 5

போன ஆண்டு முன்வரிசைப் பதாகையில் தன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அடம்பிடித்த நிறுவனம், இந்த ஆண்டு ஆதரவு தர இயலாது என்று இரண்டே வரியில் எழுதிவிட்டது. காரணம் எழுதவில்லை. எழுதவும் தேவையில்லை. சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் போன்ற பெரிய பிரைட் விழாக்களே பழைய புரவலர்களை இழந்து திணறுகின்றன. வாஷிங்டனில் ஆட்சி மாறியதும் வானவில் சின்னத்தைக் கழற்றி வைக்க எவ்வளவு அவசரம்!

குழுவில் எல்லோரும் கலங்கிப்போயிருக்கிறார்கள். மேடைக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எனக்குக் கலக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த தோழர் ஒருவர், தன் துணைவரை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லி நடையாய் நடந்தார். சேர்க்கவே இல்லை. எங்கள் பதாகையில் மட்டும் அதற்கு முதலிடம் வேண்டியிருந்தது.

போன ஆண்டு சைகைமொழிப் பெயர்ப்பாளருக்கும், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளின் தங்குமிடத்துக்கும் அந்தப் பணம்தான் கொடுக்கப்பட்டது என்று பொருளாளர் நினைவூட்டினார். அதை மறுக்க முடியாது. அந்தப் பிள்ளைகளில் இருவர் அன்றுதான் வாழ்நாளில் முதல்முறையாகத் தங்களைப் போன்ற இன்னொருவரை நேரில் பார்த்தார்கள்.

ஜூன் 8

மருத்துவமனை தந்த படிவம் மேசையில் கிடக்கிறது. ஒப்புதல் கையெழுத்து யார் போடலாம்? பெற்றோர், கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், பிள்ளைகள். கட்டங்கள் அவ்வளவுதான். வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார்: "நீங்கள் கூட இருக்கலாம் மேடம். கையெழுத்து மட்டும் வீட்டு ஆட்கள்தான் போட வேண்டும்." நான் எந்த வீட்டு ஆள்? அவளுடைய அண்ணன் வரவேண்டும். அவர் எங்களோடு பேசிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

படிவத்தைப் பார்க்கும்போதெல்லாம் செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடு நினைவுக்கு வருகிறது. 2001இல் அங்கே ஊர்வலம் போக வந்தவர்களை ஓட ஓட அடித்தார்கள். 2010இல் ஆயிரக்கணக்கான போலீஸ் காவலோடு நடந்தது, நகரமே போர்க்களமாயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகள் தடை. 2014இல் மீண்டும் நடந்தார்கள். 2017இல் செர்பியாவின் பிரதமரே அந்த ஊர்வலத்துக்கு வந்தார். அவர் பெயர் ஆனா பிர்னாபிச், தன்பாலீர்ப்பாளர் என்று நாடே அறிந்த பெண். 2019இல் அவருடைய துணைவி குழந்தை பெற்றார். அப்படியும் ஒருபாலினத் துணைகளுக்கு அந்த நாட்டில் இன்றுவரை சட்ட அங்கீகாரம் கிடையாது. 2021இல் ஒரு வரைவு எழுதப்பட்டது. அரசியலமைப்புக்கு முரண், கையெழுத்திட மாட்டேன் என்றார் அதிபர். பிரதமரே நடந்தும் படிவம் மாறவில்லை.

அப்படியென்றால் எதற்கு நடப்பது என்று இரவு முழுக்க மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடிபடாமல் ஒரு தெருவைக் கடப்பது சிறிய காரியமா என்பதை 2001இல் மண்டை உடைந்தவர்தான் சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடாது.

ஜூன் 11

2019இல் இதே தேதியில் போட்ஸ்வானா உயர் நீதிமன்றம் தன்பாலுறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை நீக்கியது. வழக்குத் தொடுத்தவர் ஓர் இளைஞர். மத்திய அமெரிக்க நாடான பெலீஸிலும் கலேப் ஒரோஸ்கோ என்ற தனி மனிதர் 2010இல் வழக்குப் போட்டார். வசவையும் மிரட்டலையும் தாங்கி 2016இல் வென்றார். அவர்களுக்குப் பின்னால் அலங்கார வண்டிகள் வரவில்லை.

ஜூன் 14

குழுக் கூட்டம். மூன்று மணிநேரச் சண்டை.

வண்டிகள் இல்லாமல் பேரணியா என்கிறார்கள் இளையவர்கள். போன ஆண்டு இரண்டாவது வண்டிக்குப் பின்னால் நடந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் முழக்கமிட்டுக்கொண்டு வந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஒலிபெருக்கி அவளை முழுங்கிவிட்டது. அதைத்தான் கூட்டத்தில் சொன்னேன். 1970 ஜூன் 28 அன்று நியூயார்க்கின் முதல் பிரைட் ஊர்வலத்தில் கிறிஸ்டபர் தெருவிலிருந்து சென்ட்ரல் பூங்கா வரை நடந்தவர்களுக்கு மேடையும் இல்லை, வண்டியும் இல்லை. அனுமதியே புறப்படும் நேரத்தை ஒட்டித்தான் கைக்கு வந்தது. யார் என்ன செய்வார்களோ என்ற பயத்தில் வேகவேகமாக நடந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது என்னவென்று பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

அக்கா அதுவரை பேசவில்லை. எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், திருநங்கைகளுக்காக நாற்பது ஆண்டுகளாக ஓடுகிறவர். "ஆட்டம் வேண்டாம் என்று சொல்லாதே அம்மா. எங்களை மனிதராகவே யாரும் மதிக்காத காலத்தில் ஆடித்தான் உயிரோடு இருந்தோம்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆட்டம் அல்ல, விளம்பரம்தான் வேண்டாம் என்று பிறகு பேருந்தில்தான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, திருநர் உரிமைக்குப் போராடிய சில்வியா ரிவேராவைப் பற்றி மீண்டும் படித்தேன். 1973 நியூயார்க் பேரணியின் மேடையில், சிறையில் அடிபட்டுக் கிடக்கும் நம் ஆட்களுக்கு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டபோது கூட்டம் கூச்சல் போட்டது. போலீஸ் சோதனையை எதிர்த்து நியூயார்க்கில் ஸ்டோன்வால் எழுச்சி நடந்து நான்கே ஆண்டுகள். ஏசியவர்களும் நம்மவர்கள்தான். நிறுவனங்கள் வந்துதான் பிரைட் கெட்டது என்று சொல்பவர்கள் அந்த நாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜூன் 16

அண்ணனுக்கு எழுதினேன். பதில் இல்லை.

ஜூன் 18

திருநர் பிள்ளைகளுக்கான பாலினச் சிகிச்சையைத் தடுக்கும் டென்னசி மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆறுக்கு மூன்று. ஜூன் மாதம் நடுவே, தெருவுக்குத் தெரு வானவில் பறக்கும் நாட்டில்! மார்ச்சில் டிரினிடாடில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கி 2018இல் ஒழிந்த சட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. கிடைத்தது கையைவிட்டுப் போகாது என்று நம்பி இரவெல்லாம் ஆடிக்கொண்டிருக்க முடியுமா?

ஒரே ஒரு செய்திதான் ஆறுதல். லண்டன், பர்மிங்காம், பிரைட்டன், மான்செஸ்டர் ஆகிய நான்கு பிரைட் அமைப்புகளும் இந்த ஆண்டு அரசியல் கட்சிகளுக்கு ஊர்வலத்தில் இடமில்லை என்று கூட்டாக அறிவித்திருக்கின்றன. திருநர் உரிமைகளுக்குத் துணை நின்றுவிட்டு வாருங்கள் என்பதுதான் அதன் பொருள். நடக்க வருபவரிடம் நீ என்ன செய்தாய் என்று வாசலிலேயே கேட்கிறார்கள். இந்தத் துணிவு எங்கள் குழுவுக்கும் வேண்டும்.

ஜூன் 20

பதில் வந்தது. "25ஆம் தேதி வருகிறேன்." வேறு ஒரு சொல் இல்லை.

ஜூன் 22

காகிதப் பைகளை என்னால் மறக்க முடியவில்லை.

1990 அக்டோபர் 13, ஜோகன்னஸ்பர்க். ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பிரைட் ஊர்வலம். வந்தவர்களில் சிலர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்து, கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். முகம் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும். ஆனாலும் வந்தார்கள். கறுப்பராகவும் தன்பாலீர்ப்பாளராகவும் இருக்கும் தன்னை இரண்டாகப் பிரிக்க முடியாது, இரண்டு போராட்டமும் ஒன்றே என்று சைமன் என்கோலி அன்று பேசினார். சில ஆண்டுகளிலேயே, பாலின ஈர்ப்பின் பெயரால் பாகுபாடு கூடாது என்று தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு எழுதியது. உலகிலேயே முதலாவது. 2006இல் திருமண உரிமையும் வந்தது. ஊர்வலத்தால் மட்டும் வந்ததல்ல. நிறவெறிக்கு எதிரான போராட்டத்தின் உள்ளேயே நின்று கேட்டதால் வந்தது.

அதே ஜோகன்னஸ்பர்க், 2012. ஊர்வலப் பாதையில் பெண்கள் சிலர் குறுக்கே படுத்துவிட்டார்கள். கொல்லப்பட்ட கறுப்பின லெஸ்பியன் பெண்களுக்காகவும் திருநர்களுக்காகவும் ஒரே ஒரு நிமிட மௌனம் கேட்டார்கள். அமைப்பாளர்கள் கத்தினார்கள், தள்ளினார்கள், வழியை விடு என்றார்கள். ஒரு நிமிடம்! அடுத்த ஆண்டே அந்த அமைப்பு கலைந்துபோனது.

முகத்தை மூடிக்கொண்டு வந்தவர் எதற்காக வந்தாரோ, அதற்காக நிற்க ஒரு நிமிடம்கூட இல்லாத ஊர்வலம் யாருடையது? இந்தக் கேள்வியைக் குழுவில் கேட்கத்தான் போகிறேன். யாருக்கு வருத்தம் வந்தாலும் சரி.

ஜூன் 24

அவள் சரியாகத் தூங்கவில்லை. நெற்றி சுடுகிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

1978இல் இதே இரவில் சிட்னியில் தன்பாலீர்ப்பாளர் உரிமைக்காக ஊர்வலம் போனவர்களில் 53 பேரைக் கைது செய்தார்கள். நாளிதழ் ஒன்று அவர்களின் பெயர், முகவரி, தொழில் எல்லாவற்றையும் அச்சிட்டது. பலருக்கு வேலை போனது. அந்த நாளிதழும் மாநில நாடாளுமன்றமும் மன்னிப்புக் கேட்டது 2016இல். அந்த இரவிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகமே வந்து பார்க்கும் மார்டி கிரா என்ற சிட்னியின் பிரைட் விழா. மன்னிப்பு வருவதற்குள் எத்தனை பேர் செத்திருப்பார்கள்?

ஜூன் 26

கையெழுத்துப் போடும் முன் செவிலியர் அண்ணனிடம் கேட்டார்: "இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?" அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். பென்சிலின். போன முறை உதடு வீங்கியது, உடலெல்லாம் தடித்தது, எல்லாம் சொன்னேன். செவிலியர் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினார்.

9.40க்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

2015இல் இதே ஜூன் 26 அன்றுதான் ஒபர்ஜஃபெல் வழக்கில் அமெரிக்கா முழுவதும் ஒருபாலினத் திருமண உரிமை வந்தது. அந்த மனிதர் நீதிமன்றம் போனதே, தன் கணவரின் இறப்புச் சான்றிதழில் தன் பெயர் இருக்கவேண்டும் என்பதற்காக. இன்று போய் இதை ஏன் நினைத்தேன்.

2.15. வெளியே வந்துவிட்டாள். கண் திறந்தாள்.

ஜூன் 27

அண்ணன் இரவு ஊருக்குப் போகிறார். "ஏதாவது என்றால் கூப்பிடுங்கள்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். திசுப் பரிசோதனை முடிவு வர நாளாகும்.

ஜூன் 28

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிரைட் ஊர்வலம். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியிலேயே பார்த்தேன். மார்ச்சில் சட்டம் போட்டார்கள்: ஊர்வலம் தடை, வருபவர்களுக்கு 2 லட்சம் ஃபோரிண்ட் வரை அபராதம், முகங்களை அடையாளம் காணும் கேமரா, அமைப்பாளருக்குச் சிறை. நகர மேயர் இதை மாநகராட்சி விழா என்று அறிவித்தார். பாலம் கொள்ளாமல் மக்கள் நடக்கிறார்கள். லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். பாட்டிகள், குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள். கேமரா இருக்கிறது என்று தெரிந்தும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு போகிறார்கள். அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

வழக்கமான ஆண்டுகளில் இதில் சிறு பகுதியினர்தான் வருவார்களாம். தடைதான் பிரைட்டுக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுத்தது. கொண்டாட்டமும் இருந்தது, கொடியும் இருந்தது, பாட்டும் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரும் எதையோ பணயம் வைத்து நடந்தார்கள், யாரிடம் எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து நடந்தார்கள். பிரைட் காலாவதியாகிவிட்டது என்று எழுதுபவர்களுக்கு இந்தப் பாலத்தைக் காட்ட வேண்டும். பிரைட் என்றாலே வெற்றி என்பவர்களுக்கு இஸ்தான்புல்லைக் காட்ட வேண்டும். 2014இல் பல்லாயிரம் பேர் நடந்த ஊர். 2015 முதல் தடை. நாளை அங்கே தெருவுக்கு வருபவர்கள் சில நிமிடங்களாவது கொடியைப் பிடித்து நிற்க முடிந்தால் பெரிது.

"நாளைக்குப் போய்வா. எனக்கும் சேர்த்து நட" என்றாள். தொண்டை கம்மியிருந்தது.

ஜூன் 29

போனேன். ஒரு மணிநேரம்.

ஒரே ஒரு வண்டி, அதுவும் நடக்க முடியாதவர்களுக்கு. கூட்டம் போன ஆண்டைவிடக் குறைவு. இளையவர்கள் பலர் வரவில்லை, அது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அக்கா பறை கேட்டதும் ஆடினார். படிவத்தைப் பெரிதாக்கி அட்டையில் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். முகக்கவசம் போட்ட ஒருவர் கூட்டத்துக்குள் வராமல் நடைபாதையிலேயே எனக்கு இணையாக நடந்துவந்தார். ஐம்பது வயது இருக்கும். சிக்னலில் நின்றபோது கிட்டே வந்து, தன் துணைவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் தன்னை உள்ளே விடவே இல்லை என்றார். இறந்த செய்தி பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம். இதைச் சொல்ல அவருக்கு அந்தத் தெருவில் அந்த ஒரு மணிநேரம்தான் கிடைத்தது. பெயர் கேட்கவில்லை. தொலைபேசி எண்ணை அவரே கொடுத்தார்.

இஸ்தான்புல்லில் பலரைப் பிடித்துப் போயிருக்கிறார்கள்.

ஜூன் 30

குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த ஆண்டு புரவலராக வர விரும்பும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்களின் துணைவர்களுக்குக் காப்பீடு தருகிறதா என்பதை முதலில் எழுத்தில் காட்டவேண்டும். பேரணியின் கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், அதற்கு ஒரு பெயருள்ள அதிகாரி பதில் சொல்லவேண்டும், மறுநாள் காலை அவர் வாசலில் நாம் நிற்கவேண்டும். பொருளாளர் "பணம்?" என்று மட்டும் பதில் அனுப்பினார். நியாயமான கேள்வி. நடைபாதை மனிதரை அழைத்தேன். மருத்துவமனைக்கு நாங்கள் கொடுக்கப்போகும் மனுவில் கையெழுத்திடத் தயங்குகிறார், ஆனால் கூட வருகிறேன் என்கிறார்.

ஜூலை 2

மருத்துவமனை நிர்வாகி வெள்ளிக்கிழமை 11 மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். நால்வர் போகிறோம். அக்கா முன்னால் பேசுவார். திசுப் பரிசோதனை முடிவும் அன்றே வரலாம் என்று மருத்துவர் சொன்னார். அறிக்கையை யார் கையில் கொடுப்பார்கள் என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்.