ஹால் சுவரில் நியூயார்க்: இதுவரை ஆன வேலை

ஹாலில் சோபாவுக்குப் பின்னால் உள்ள நீளச் சுவருக்கு நியூயார்க்கின் பழைய வானளாவிகள் மூன்று, கறுப்பு வெள்ளையில். பிளாட்அயர்ன், எம்பயர் ஸ்டேட், கிரைஸ்லர். முதல் இரண்டும் பிரேம் போட்டு மாட்டியாகிவிட்டது. மூன்றாவதற்கு இன்னும் படம் அமையவில்லை.

ரெடிமேடாக விற்கும் கட்டடப் படங்கள் தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. கிட்டே போனால் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை. அதனால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் தேடினேன். டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனி என்ற பழைய அஞ்சலட்டை நிறுவனத்தின் கண்ணாடி நெகடிவ்களை அங்கே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் பல 8க்கு 10 அங்குலத் தகடுகள். பெரிய டிஃப் (தரம் குறையாத படக்) கோப்பாகவே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிளாட்அயர்ன் அங்கேதான் கிடைத்தது.

1902இல் கட்டி முடித்த கட்டடம், டேனியல் பர்னம் வடிவமைத்தது. உயரம் 87 மீட்டர்தான். பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் முக்கோண மனையில் நிற்பதால், முனையில் அகலம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அந்த முனை பார்ப்பவரை நோக்கி வருகிற படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

அச்சில் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. கட்டடத்தின் ஓரங்கள் பிரேமின் ஓரங்களோடு நேராக நிற்கின்றன. கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்து எடுத்தால், கட்டடம் மேலே போகப்போகக் குறுகி, பின்னால் சாய்வதுபோலத் தெரியும். திரையில் அது பெரிதாக உறுத்தாது. நான்கு பக்கமும் நேர்கோடாகச் சட்டம் அடித்த பிறகு ஒவ்வொரு சாய்வும் கண்ணைக் குத்தும். பழைய தகட்டுக் கேமராவில் தகட்டைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு, லென்சை மட்டும் மேலே நகர்த்த முடியும். கட்டடம் நிமிர்ந்து நிற்பதன் ரகசியம் அதுதான். இப்போது எந்தக் கட்டடப் படத்தைப் பார்த்தாலும் முதலில் ஓரங்களைத்தான் பார்க்கிறேன்.

அளவு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. படம் அச்சிடும் லேபில் சாதாரணமாகச் சொல்வது 12க்கு 18 அங்குலம். தகட்டின் விகிதம் 4க்கு 5. 18 அங்குல உயரத்துக்கு 14.4 அங்குல அகலம் வேண்டும். 12இல் அடக்கினால் பக்கவாட்டில் 2.4 அங்குலம் போய்விடும். இந்தப் படத்தில் குதிரை வண்டிகளும் நடைபாதை மனிதர்களும் இருப்பது அந்த ஓரங்களில்தான். எனவே 16க்கு 20. பளபளப்பில்லாத மேட் தாள், ‘கலர் கரெக்ஷன் வேண்டாம்’ என்று எழுதியே கொடுத்தேன். லேபில் தானாகத் திருத்தினால் கறுப்பு வெள்ளையில் பச்சையோ மஞ்சளோ ஏறிவிடும்.

அந்தக் காலத்துத் தகடுகள் நீலத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும் என்பதால் வானம் வெள்ளையாக வெளுத்திருக்கும். படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையை, அதாவது மவுண்டை, சுத்த வெள்ளையில் வைத்தால் வானம் எங்கே முடிகிறது, அட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பிரேம் கடையில் அட்டைகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து, லேசான கிரீம் நிறத்தில் எடுத்தேன். மூன்று பக்கமும் இரண்டரை அங்குலம், அடியில் மட்டும் மூன்று. பெரும்பாலும் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை அது. அடியில் ஏன் கூடுதல் என்று அண்ணாச்சி கேட்டார். நறுக்கி வைத்துப் பார்த்ததும், ‘ஆமா, இப்பதான் படம் உட்காருது’ என்றார். மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை. படம் நேராகக் கண்ணாடியில் பட்டால் ஈரப்பதத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எம்பயர் ஸ்டேட்டுக்கு முழுக் கட்டடப் படம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். அது கட்டப்பட்டபோது புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் எடுத்த படங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் வயதான தொழிலாளி ஒருவர் உயரத்தில் போல்ட்டு முடுக்கிக்கொண்டிருக்கிறார். பின்னால் கிரைஸ்லர் கோபுரம். எடுத்த ஆண்டு 1930. அப்போது 319 மீட்டரோடு உலகிலேயே உயரமான கட்டடம் கிரைஸ்லர்தான். அதை முந்தப்போகும் கட்டடத்தின் இரும்பில் நின்று வேலை பார்க்கிறார் இவர். 1931 மே மாதம் திறந்தபோது எம்பயர் ஸ்டேட் 381 மீட்டர். இரண்டு கட்டடங்களின் போட்டியும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறது, நடுவில் ஒரு மனிதர். எனக்கு இந்தச் சுவரில் மிகப் பிடித்த படம் இதுதான்.

கிரைஸ்லருக்கு, 1930களில் புகைப்படக்காரர் சாமுவேல் காட்ஷோ எடுத்த இரவுக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவையும் அதே நூலகத்தில் இருக்கின்றன. சிக்கல் எதிரே உள்ள ஜன்னல். கறுப்பு அதிகமுள்ள படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் ஜன்னல்தான் தெரியும். மேட் கண்ணாடி, மவுண்டின் இடைவெளியால் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கும். முதலில் சின்ன அளவில் ஒரு சோதனை அச்சு போட்டு, இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் கடையிலிருந்து வாங்கி வந்து, பகல் வெளிச்சத்தில் சுவரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரிய அச்சு.