தம்பியின் மாத்திரையும் பீடிக்கட்டும்

ஜூன் 4

மழை பிடித்துவிட்டது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு நின்றால் தம்பிக்கு வேலை இல்லை. வேலை இல்லாத நாளில் அவனுடைய கால் டாஸ்மாக் பக்கம்தான் போகிறது. அவனுக்கு மனச்சிதைவு, இல்லாத சத்தம் காதில் கேட்கும் மனநோய். நேற்று இரவு அதற்கான மாத்திரையைக் கொடுத்தபோது தள்ளிவிட்டான். குடித்த வயிற்றில் அதைப் போட்டால் உயிர் போய்விடும் என்று கூட்டாளி சொன்னானாம். மருந்தோடு மது சேர்ந்தால் மயக்கம் கூடும், ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்தை விட்டுவிட்டுக் குடியை வைத்துக்கொள்வது என்ன நியாயம்? குடித்த நாளில் எந்த மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடை வாசலில் நிற்பவன் அல்ல.

ஜூன் 9

குடியை நிறுத்த உதவும் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அழைத்துப் போனோம். மருந்துச் சீட்டில் மனச்சிதைவு என்று பார்த்ததும், "முதலில் இதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன வருடம் வேறோர் இடத்தில், மனநோய்க்கு மருந்து கொடுப்பவர்கள், "முதலில் குடியை நிறுத்தட்டும்" என்றார்கள். நோயைப் பார்ப்பவருக்குக் குடி ஆகாது, குடியைப் பார்ப்பவருக்கு நோய் ஆகாது. இரண்டும் உள்ளவன் எங்கே போவான்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கேடுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. 1990-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களில் 47 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது மது அல்லது போதைப் பழக்கச் சிக்கல் இருந்தது தெரியவந்தது. ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு யாருக்கு வைத்தியம் பார்ப்பார்கள்?

ஜூன் 10

"குடித்துக் குடித்துப் புத்தி கெட்டான்" என்று பக்கத்து வீட்டில் பேச்சு. காதில் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. அம்மைக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜூன் 17

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வடசேரியில் பஸ் மாறி, நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தோம். இன்று பார்த்த டாக்டர் தம்பியின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நகத்தைச் சுற்றி ரப்பர் பால் கறுத்து ஒட்டியிருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நுனிவரை மஞ்சள். "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்றார். இத்தனை வருடத்தில் இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. "மூன்று கட்டு" என்றான். எதற்காக என்று கேட்டதற்கு, "பீடி இழுக்கும்போது காதில் கேட்கும் சத்தம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது" என்றான். டாக்டர் திட்டவில்லை, எழுதிக்கொண்டார்.

பிறகு எங்களுக்கு விளக்கினார். தம்பி சாப்பிடுவது குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து. பீடிப்புகையில் உள்ள ரசாயனங்கள் கல்லீரலில் ஒரு என்சைமைத் தூண்டிவிடுகின்றன. அது மருந்தைச் சீக்கிரமே கரைத்துவிடுகிறது. அதனால் பீடி வலிப்பவருக்கு அதே அளவு மாத்திரை போதாமல் போகலாம். எங்காவது அடைத்து வைத்துத் திடீரென்று பீடியை நிறுத்தினாலோ, ரத்தத்தில் மருந்து ஏறிவிடும்: தூங்கி வழிதல், எச்சில் ஒழுகுதல், அளவு மிஞ்சினால் வலிப்புகூட. காரணம் புகை, புகையிலையில் உள்ள நிகோடின் அல்ல. ஆகவே பீடியைக் குறைத்தாலும் கூட்டினாலும் டாக்டருக்குச் சொல்லியாக வேண்டும். போன முறை ஓர் இல்லத்தில் வைத்திருந்தபோது அவன் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்தானே, அதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். அங்கே அவனை நடிப்பவன் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஜூன் 26

உலக போதைப்பொருள் ஒழிப்பு நாள். தக்கலையில் பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்துப் போனார்கள். ஓரமாக நின்று பார்த்த தம்பி, "என்னை ஒழிக்கவா அக்கா?" என்று கேட்டான். "உன்னை இல்லை மக்களே" என்று அம்மை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மனநோயோடு குடிக்கும் ஒருவனுக்கு எங்கே வைத்தியம் கிடைக்கும் என்று ஒரு பதாகையாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 30

தம்பி இரண்டு கட்டுக்கு இறங்கியிருக்கிறான். குடி முழுதாக நிற்கவில்லை. டாக்டரிடம் இரண்டையும் சொன்னோம்; ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு மாத்திரையின் அளவை முடிவு செய்வதாகச் சொன்னார். குடிக்கான ஆலோசனையையும் இனி இதே வருகையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் அதற்கும் வரச் சொல்லியிருக்கிறார். அழைத்துப் போகிறேன்.