பூம்பாறை ஓடையும் கறுத்த பிளக்கும்

நேத்து கொடைக்கானல் பக்கம் பூம்பாறை தாண்டி ஒரு மண் பாதையில பைக்கை இறக்கினேன். ஓடையைக் கடந்து நூறடி ஏறலை, ரெண்டு இருமல் இருமிட்டு அடங்கிடுச்சு. கிக்கரை மிதிச்சு மிதிச்சு கால் வலிச்சதுதான் மிச்சம்.

பூண்டுத் தோட்டத்துல நின்ன பெரியவர், "தம்பி, சும்மா உதைக்காதீங்க, பிளக்கைக் கழட்டிப் பாருங்க"ன்னார். எஞ்சினுக்குள்ள பொறி தட்டுற ஸ்பார்க் பிளக்கைத்தான் சொன்னார். கழட்டினா நுனி முழுக்கக் கரி, தொட்டா விரல்ல பொடியா ஒட்டுது. ஈரம் இல்லை. பிளக்குல வயர் கேப்பை மாட்டி, எஞ்சின் ஹெட்டுல ஒட்ட வச்சு உதைச்சேன், நீலப் பொறி நல்லாவே வந்துச்சு. அப்ப கரண்ட் சரி. காஞ்ச கரின்னா பெட்ரோலுக்குக் காத்துதான் பத்தலை. ஏர் பில்டரைத் திறந்தா ஸ்பாஞ்ச் முழுக்கச் சேறு!

2,000 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்துல ஒரு பங்கு குறைவு. மலை அடிவாரத்துல, வத்தலக்குண்டுல செட் பண்ணின கார்புரேட்டர் (காத்தையும் பெட்ரோலையும் கலக்குறது) இங்க காத்துக்கு மீறி பெட்ரோல் கொடுக்கும். அதோட பில்டரும் அடைச்சா?

பெரியவர் தந்த மண்ணெண்ணெயில ஸ்பாஞ்சை அலசி, அமுக்கிப் பிழிஞ்சு (முறுக்கினா கிழியும்), காயவச்சு, லேசா ஆயில் தடவி மாட்டினேன். பிளக்கைப் பழைய பல் துலக்குற பிரஷ்ல தேய்ச்சாச்சு. மூணாவது உதையில பிடிச்சுக்கிச்சு.

காசு வேண்டாம்னுட்டார். அரைக் கிலோ பூண்டு வாங்கிட்டு வந்தேன். அடுத்த வாரம் கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற மெயின் ஜெட்டை ஒரு சைஸ் சின்னதா போட்டுப் பாக்கணும்.